மாதிரிநாதனின் வியாழக்கிழமை

ஒரு மொழி வாழ்வதும் சாவதும் அதன் காற்புள்ளிகளின் கையில் இருக்கிறது. பேரரசுகள் கவிழ்ந்தன, எல்லைகள் நகர்ந்தன, படைகள் வந்து போயின. ஆனாலும் ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே நசுங்கிக் கிடந்த பாஸ்க் மொழி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதென்றால், எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்பதை அந்தச் சனங்கள் விதியாக எழுதி வைத்ததே அதற்குக் காரணம்.

இந்தப் பேருண்மை சூரிச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் அட்லிஸ்வில் முருகன் கோவிலின் சாப்பாட்டு மண்டபத்தில் ஒலிவாங்கி மூலம் வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் யோகராஜா. கேட்டவர்கள் சாம்பாருக்கு வரிசையில் நின்றவர்கள். ஒருவர் மட்டும் கை தட்டினார். அவர் அப்பளத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

யோகராஜா சும்மா ஆள் இல்லை. அகதி விண்ணப்பக்காரர்களின் விசாரணைகளில் இருபது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அவர் வசதியாக முற்றுப்புள்ளி வைத்த இடங்களில் சிலருடைய கதைகளும் முடிந்து, அவர்கள் விமானத்தில் ஏற்றப்பட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் கொழும்பில் இருந்து சொல்வதால் அட்லிஸ்வில்லில் அது பெரிதாகக் கேட்பதில்லை. ஓய்வு பெற்றபின், சிறிய மொழிகளுக்கான மாநாடு ஒன்றுக்காகப் பாஸ்க் நகரமான பில்பாவோவுக்குப் போய்வந்தார். பாஸ்க் பேராசிரியை ஒருவர் அங்கே காற்புள்ளி பற்றி ஆங்கிலத்தில் பேசினார். தேநீர் இடைவேளை வரைக்கும் யோகராஜா கேட்டார். திரும்பி வந்தபோது கையில் தடித்த பாஸ்க் விதிநூல் ஒன்றும், தலையில் ஓர் ஆணையமும் இருந்தன.

ஆணையத்தின் பெயர் 'ஐரோப்பியத் தமிழ் நிறுத்தற்குறி ஆணையம், சுவிஸ் கிளை.' வேறு கிளை கிடையாது. தலைவர் யோகராஜா. செயலாளர் விஜிதரன், பாசலில் மருந்துக் கொம்பனி ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை, மிச்ச நேரத்தில் மரண அறிவித்தல் இணையத்தளம் ஒன்றின் சுவிஸ் முகவர். உறுப்பினர் கஜலக்சுமி ரீச்சர். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் அதிபர்.

முதலில் எதைத் திருத்துவது என்ற கேள்விக்கு விடை கஷ்டமாக இருக்கவில்லை. எங்கள் சனம் கதை வாசிக்காது, கட்டுரை வாசிக்காது, மரண அறிவித்தல் வாசிக்கும். அதுவும் ஒரே வசனம். 'யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும்' என்று தொடங்கினால், தகப்பன், தாய், மாமன், மாமி, பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்கள், கனடாவில் இருக்கும் மச்சாள்மார் என்று பாதி உலகத்தை இழுத்துக்கொண்டு போய்த்தான் ஓயும். அந்த வசனத்தைத் தாங்கி நிற்பவை காற்புள்ளிகள் மட்டுமே. ஆகவே யோகராஜா ஒரு மாதிரி அறிவித்தலைத் தயாரித்தார். அதில் இறந்தவருக்குக் கந்தையா மாதிரிநாதன் என்று பெயர் வைத்தார். ஊர், மனைவி, பிள்ளைகள், இறுதிக்கிரியைக்கு நாளும் நேரமும் எல்லாம் கொடுத்தார். மாதிரிநாதனுக்கு நடந்த அளவு சீரான சாவு சுவிசில் வேறு ஒருவருக்கும் நடக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் தவச்செல்வன் செத்தார்.

தவச்செல்வன் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தவர். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சூடாக மடித்து வைத்திருந்த படுக்கை விரிப்புகளின்மேல் சாய்ந்தவர் எழும்பவில்லை. களைப்பில் கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்து, கூட வேலை செய்தவர்கள் அவரைக் குழப்பாமல் சத்தம் குறைத்து வேலை பார்த்தார்கள். தகனத்துக்கு நகர அலுவலகம் புதன்கிழமை காலை பத்தரை என்று நேரம் கொடுத்தது. சுவிசில் கொடுத்த நேரம் கொடுத்ததுதான். அதற்குப் பின்னால் பன்னிரண்டு மணிக்கு இன்னொரு பிரேதம் காத்திருக்கும்.

அவருடைய மனைவி ஜெயகௌரிக்கு ஒரே ஒரு விஷயம்தான் தேவைப்பட்டது. பெட்டி மூடுவதற்கு முன் ராசா வந்து முகம் பார்க்க வேண்டும்.

ராசா, தவச்செல்வனின் ஒரே அண்ணன். பிரெஞ்சு பேசும் நொஷாட்டலில் கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை, தனிக்கட்டை. இருவரும் பத்து வருடமாகக் கதைப்பதில்லை. தாய் செத்தபோது அறிவித்தலைத் தட்டச்சு செய்தது தவச்செல்வன். பாசமிகு பிள்ளைகள் என்ற இடத்தில் தன் பெயரை முன்னாலும், ஒரு காற்புள்ளி விட்டு அண்ணனின் பெயரைப் பின்னாலும் போட்டுவிட்டார். வேண்டுமென்று இல்லை, தன் பெயர் கை விரலுக்குப் பழக்கம். செத்தவீட்டில் வைத்து ராசா கேட்டார்: "மூத்தவன் நானிருக்க, நான் என்ன கொமாவுக்குப் பிறகு வாறவனோ?" கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனவர், தொலைபேசி எண்ணை மாற்றினார், வீட்டையும் மாற்றினார். புது எண்ணும் தொழிற்சாலையின் பெயரும் உறவில் ஒருவரிடமும் இல்லை.

ஆனால் ராசா உயிரோடு இருப்பது எல்லாருக்கும் தெரியும். விஜிதரனின் தளத்தில் எந்த அறிவித்தல் வந்தாலும், யார் பெற்ற பிள்ளை செத்தாலும், காலை ஆறு மணிக்குள் கீழே ஒரு வரி விழும்: 'ஆழ்ந்த அனுதாபங்கள். ராசா, நொஷாட்டல்.' தளத்தில் வேறு எதையும் அவர் எழுதியதில்லை. அவரைப் பிடிப்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே வழி, அவருடைய பெயரை முதலாவதாகப் போட்ட ஒரு மரண அறிவித்தல்.

ஞாயிறு பின்னேரம் யோகராஜா துக்கம் விசாரிக்க வந்தார். கையில் பாஸ்க் விதிநூல். சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னரே தொடங்கிவிட்டார்.

"தங்கச்சி, செல்வன்ர அறிவித்தலை ஆணையம் பொறுப்பெடுக்குது. புது விதியின்படி வாற முதல் அறிவித்தல். இது வெறும் நோட்டீஸ் இல்லை, வரலாறு."

"எனக்கு வரலாறு வேண்டாம் அண்ணை," என்றார் ஜெயகௌரி. "ராசா அத்தான்ர பேர் முதல்ல வரவேணும். செவ்வாய்க்கிழமைக்குள்ள வரவேணும். அவ்வளவுதான்."

"வரும். எப்பிடி வருமெண்டு பாருங்கோ. பேருக்குப் பிறகு அழகாய் ஒரு காற்புள்ளி…"

"பிறகு என்னத்தையெண்டாலும் போடுங்கோ. முன்னால ஒருத்தரும் நிக்கக் கூடாது."

மகள் மாயா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். சூரிச்சில் பல்வைத்தியர் ஒருவரின் உதவியாளர். அறிவித்தலை ஏற்கெனவே தட்டச்சு செய்து, நாள், நேரம், பெயர் வரிசை எல்லாம் சரிபார்த்து, கைத்தொலைபேசியில் வைத்திருந்தாள்.

"அங்கிள், நான் எழுதிட்டன். இதை அப்பிடியே போட்டால் இண்டைக்கே வந்திடும்."

யோகராஜா வாங்கிப் பார்த்தார். நோயாளியின் எக்ஸ்ரே படத்தைப் பார்க்கும் வைத்தியர்போல முகம் சுருங்கியது.

"பிள்ளை, 'அன்னார்' எண்டதுக்குப் பிறகு காற்புள்ளி போட்டிருக்கிறாய். ஏன்?"

"எல்லாரும் போடுகினம்."

"அதுதான் எங்கட சாபக்கேடு. பாஸ்க்காரரைப் பார். அவையளுக்கும் எங்களை மாதிரி வினை கடைசியிலதான். வினைக்கு நேர முன்னுக்கு நிக்கிற சொல்தான் வசனத்தின்ர உயிர். அதுக்கும் வினைக்கும் நடுவில காற்புள்ளி போட்டால் கொலை. எல்லாரும் அந்தச் சொல்லைத்தான் முதல்ல பார்ப்பினம்." நூலால் மேசையைத் தட்டினார். "எல்லாம் இதில இருக்கு."

மாயா நூலைப் பார்த்தாள். "இதின்ர பிளாஸ்ரிக் உறை இன்னும் கழட்டேல்லையே, அங்கிள்?"

"எனக்கு மனப்பாடம்."

"பாஸ்க் தெரியுமோ உங்களுக்கு?"

"மொழி தெரியவேணுமெண்டு இல்லைப் பிள்ளை. காற்புள்ளி எல்லா மொழியிலயும் ஒரே மாதிரித்தானே இருக்கும்."

கோவிலில் ஒலிவாங்கியில் சொன்னதையெல்லாம் தானே குழிதோண்டிப் புதைத்தது அவருக்குத் தெரியவில்லை. தேத்தண்ணியைக் குடித்தார். போகும்போது, அறிவித்தல் வருவதற்கு முன் உறவுக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லித் திரியவேண்டாம், அது முறையில்லை, ஒருத்தருக்குச் சொல்லி மற்றவருக்குச் சொல்லாமல் விட்டால் குற்றமாகிப் போகும் என்று ஞாபகப்படுத்தினார். அது அவர் கண்டுபிடித்த விதி இல்லை, எல்லாரும் அறிந்தது. ஆகவே ஜெயகௌரி ஒருவருக்கும் சொல்லவில்லை.

திங்கள் பின்னேரம் ஆணையம் காணொளியில் கூடியது. குடும்பத்தின் சார்பில் மாயாவும் இருந்தாள்.

"நான் முப்பது வருசமாய்ப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன்," என்று கஜலக்சுமி ரீச்சர் தொடங்கினார். "மூச்சு விடுற இடத்தில கொமா. அவ்வளவுதான் விதி. 'அன்னார்' எண்டு சொன்னால் மூச்சு விடுவம்."

"ரீச்சர், மூச்சு எண்டது நுரையீரல்ர அலுவல். இலக்கணத்தின்ர அலுவல் இல்லை," என்றார் யோகராஜா.

"பில்பாவோவில நாலு நாள் நிண்டிட்டு வந்து எனக்கு நுரையீரல் படிப்பிக்க வேண்டாம்."

"ரெண்டு பேரும் வாக்கெடுப்புக்கு விடுவமோ?" என்றார் விஜிதரன். ஆய்வுகூடத்து வெள்ளை அங்கியோடு பாசல் ட்ராமில் இருந்தார். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் அவருடைய முகம் உறைந்தது. "நான் நடுநிலை."

"மூண்டு பேர் இருக்கிற ஆணையத்தில நடுநிலை எண்டு ஒண்டு இல்லைத் தம்பி."

"அப்பா இனி எந்த இடத்திலயும் மூச்சு விடமாட்டார்," என்றாள் மாயா. "எங்கையெண்டாலும் போடுங்கோ. ஆனால் கெதியாய்ப் போடுங்கோ."

யோகராஜா, உணர்ச்சிவசப்படும் நேரத்தில் நிறுத்தற்குறிகளை முடிவு செய்யக்கூடாது என்பதால் குடும்பத்தினர் கூட்டத்தில் இருப்பது ஏற்றதல்ல என்று தீர்மானம் கொண்டுவந்தார். விஜிதரன்கூட இதற்கு வாக்களித்தார். ஆணையம் ஏகமனதாக எடுத்த முதல் முடிவு அது. மாயா இணைப்பைத் துண்டித்துவிட்டு, அப்பாவுக்கு உடுத்திவிட வேட்டி தேடப் போனாள்.

செவ்வாய்க்கிழமையும் கூட்டம் தொடர்ந்தது. மாயா எழுதியதைத் திருத்தப் போனால் இரண்டு மாதம் எடுக்கும் என்று விஜிதரன் சொன்னார். அப்போதுதான் யோகராஜாவுக்கு அந்த எண்ணம் வந்தது. திருத்துவானேன்? மாதிரி அறிவித்தல் இருக்கிறதே. ஏற்கெனவே பிழையில்லாதது. மாதிரிநாதனை எடுத்துவிட்டுத் தவச்செல்வனை வைத்தால் போதும்.

வைத்தார்கள். மாதிரிநாதனின் மனைவி போய் ஜெயகௌரி வந்தார். மாதிரிநாதனின் பிள்ளைகள் போய் மாயா வந்தாள். சகோதரன் என்ற இடத்தில், முன்னால் ஒருவரும் இல்லாமல், ராசா நின்றார். இடத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. யோகராஜா மாதிரிநாதனையும் அதே மயானத்தில்தான் எரித்திருந்தார். விஜிதரன் உரத்து வாசித்தார். மூவரும் கண்ணை மூடிக் காற்புள்ளிகளை மட்டும் கேட்டார்கள்.

"'அன்னாரின் இறுதிக்கிரியை வியாழக்கிழமை நடைபெறும்.' இதில 'வியாழக்கிழமை'க்குப் பிறகு?"

"போடக்கூடாது," என்றார் யோகராஜா. "வினைக்கு நேர முன்னுக்கு நிக்குது. உயிர்ச் சொல். தொடாதேங்கோ."

"எனக்கெண்டால் வியாழக்கிழமையில கொஞ்சம் மூச்சு வாங்கும்," என்றார் ரீச்சர்.

"ரீச்சர், வியாழக்கிழமையில மூச்சு வாங்கினால் வசனம் செத்திடும்."

"சரி, வியாழக்கிழமையை விட்டுத்தாறன். ஆனால் 'அன்னார்' எனக்குத்தான்."

இப்படி வியாழக்கிழமையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். தவச்செல்வனுக்குப் புதன்கிழமை என்பது மூவருக்கும் தெரியும். ரீச்சர் அதற்கு லீவுகூட எடுத்திருந்தார்.

அறிவித்தல் புதன் அதிகாலையில் தளத்தில் ஏறியது.

மயானத்து மண்டபத்தில் உட்கார வாங்குகள் நிறைய இருந்தன. வந்திருந்தவர்கள் முன் இரண்டு வரிசைக்கும் போதவில்லை: பக்கத்து வீட்டு அல்பேனியக் குடும்பம், சலவைக்கூடத்துப் பெண்கள், ஐயர், ஆணையம். தவச்செல்வன் வேட்டி சால்வையோடு கிடந்தார். குளிர்ப்பெட்டியில் நாட்கணக்கில் கிடந்ததில் முகம் அவருடைய தாயின் முகமாகி இருந்தது. ஜெயகௌரி பெட்டியின் தலைமாட்டில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறிவித்தல் வந்திட்டுதாம்," என்றார் மகளிடம். "விஜிதரன் சொன்னவர். அத்தான் பார்த்திருப்பார். நொஷாட்டலில இருந்து வாறதெண்டால் ரெயின் மாறி வரவேணும், அதுதான் சுணங்குது."

மாயா அப்போதுதான் தளத்தைத் திறந்தாள். அப்பாவின் படம். கீழே வசனம். பெரியப்பாவின் பெயர் முதலில் இருந்தது. கடைசி வரிக்கு வந்தாள், திரும்பவும் வாசித்தாள். பிறகு எழும்பிப் போய், இரண்டாம் வரிசையில் கைகட்டி இருந்த யோகராஜாவின் மூக்குக்கு முன்னால் கைத்தொலைபேசியைப் பிடித்தாள்.

"வாசியுங்கோ."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். முகத்தில் நிறைவு படர்ந்தது. "அருமையாய் வந்திருக்குப் பிள்ளை."

"கடைசி வரி, அங்கிள்."

"ஓம், அதில ரீச்சர் விட்டுக்குடுத்தவ."

"இண்டைக்கு என்ன கிழமை?"

பக்கத்தில் இருந்த விஜிதரன் எட்டிப் பார்த்துவிட்டு, சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தார். நீண்ட நேரம் கட்டினார்.

மாயா அங்கேயே நின்று அறிவித்தலின் கீழ் எழுதினாள்: 'பெரியப்பா இண்டைக்குத்தான் இப்பவே வாங்கோ.' திரையில் பதில் வந்தது: 'உங்கள் கருத்து ஆணையத்தின் பரிசீலனைக்குப் பின் வெளியிடப்படும்.'

மண்டபத்து ஊழியர் வந்து, மணிக்கூட்டைப் பார்க்காமல், மணிக்கூடு இருந்த பக்கமாக நின்றார். ஜெயகௌரி ஜெர்மனில் கெஞ்சினார். பத்து நிமிடம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இன்னும் ஐந்து. மாயா தாயின் காதுக்குள் சொன்னாள். ஜெயகௌரி தலையாட்டினார், விளங்கினது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"இல்லை, வருவார்," என்றார். "பேர் முதல்லதானே போட்டிருக்கு."

பெட்டியை மூடினார்கள். வெளியே பன்னிரண்டு மணிக்காரர்கள் கறுப்பு உடுப்போடு குசுகுசுத்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று மத்தியானமே விஜிதரன் ஒரு திருத்தம் எழுதினார். ஆனால் திருத்தமும் அறிவித்தல்தானே. அதில் வந்த 'வருந்துகிறோம்' என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கவேண்டியது எது என்பதில் ஆணையத்துக்குள் கருத்து வேறுபாடு எழுந்து, அது வெளிவர வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. மற்ற உறவுக்காரர், தகனம் முடிந்துவிட்டது என்று வட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் சொல்லி, வியாழக்கிழமை வீணாக வராமல் தப்பிவிட்டார்கள். ராசா எந்தக் குழுவிலும் இல்லை.

வியாழன் பிற்பகல், மறந்துவிட்டு வந்த அப்பாவின் படத்தை எடுக்கவும், பெரியப்பா வந்திருந்தால் பிடிக்கவும் மாயா மயானத்துக்குப் போனாள். மண்டபம் வெறுமையாக இருந்தது. முன்னால், யாரோ வெள்ளைக்கார ஆச்சி ஒருவரின் படம். அதைச் சுற்றிப் பூக்கள். அந்தப் பூக்களின் நடுவில், எல்லாவற்றிலும் பெரிதாக ஒரு மலர்வளையம். நாடாவில் பிரெஞ்சில் எழுதியிருந்தது: 'என் தம்பிக்கு.'

பக்கத்தில் இருந்த சிற்றுண்டிச்சாலையில் அவளுக்கு அவர் கிடைத்தார். ஆச்சியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நிறைந்த நீண்ட மேசையின் கடைசியில், புதுக் கோட்டும் கறுப்புக் கழுத்துப்பட்டியுமாக ராசா இருந்தார். பத்து வருடத்தில் அப்பாவைப் போலவே ஆகியிருந்தார். ஆச்சியின் மகன் ஒருவர் மாயாவைக் கண்டதும் ஆறுதலோடு எழும்பினார்.

"உங்கட ஆளோ?" என்று சுவிஸ் ஜெர்மனில் கேட்டார். "அம்மா இருந்த முதியோர் இல்லத்துச் சமையல்காரராய் இருக்கும் எண்டு நினைச்சம். பாவம், எங்களைவிடக் கூட அழுதவர்."

ராசாவுக்கு ஜெர்மன் தெரியாது. மாயாவை உற்றுப் பார்த்து, யாரென்று கண்டுபிடித்து, எழுந்து நின்றார்.

"மாயாவோ? எங்கை அம்மா? நான் ரெண்டு மணிக்கே வந்திட்டன். எங்கட சனம் ஒருத்தரையும் காணேல்லை. சரி, வழமைபோலப் பிந்தித்தான் வருவினம் எண்டு இருந்திட்டன். பாதிரியார் பேசினவர். தம்பி கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டானோ? ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை."

"படத்தைப் பாக்கேல்லையோ பெரியப்பா?"

"கண்ணாடி எடுக்காமல் வந்திட்டன். பெட்டியும் மூடியிருந்தது. கேட்டால் பாஷை விளங்காது." கைத்தொலைபேசியை எடுத்து நீட்டினார். அறிவித்தலைப் படம் பிடித்து வைத்திருந்தார். "பார், என்ர பேர்தான் முதல்ல. நேற்று விடியக் கண்ட உடன லீவு சொல்லிப்போட்டு, வளையத்துக்கும் குடுத்திட்டன். முகத்தை எப்ப காட்டுவினம்?"

மாயா சொன்னாள். மெதுவாகச் சொன்னாள், தமிழில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு படத்தைப் பெரிதாக்கி, கடைசி வரியை விரலால் தடவி, அந்த இடத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பவர்போலத் தேய்த்தார்.

"வியாழக்கிழமை எண்டுதானே கிடக்கு," என்றார்.

ஆச்சியின் மகன் கோப்பிக் குடுவையோடு வந்து, இன்னும் வேண்டுமா என்று சைகையில் கேட்டார். ராசா அவருக்கு வணக்கம் சொல்லிக் கோட்டின் பொத்தானைப் போட்டார். மலர்வளையத்தை என்ன செய்வது என்று மாயாவைக் கேட்டார். திருப்பி எடுத்தால் அந்தச் சனங்களுக்கு மனம் நோகும் என்று, அங்கேயே விட்டார்கள்.

மேசையில் அவருடைய தட்டு இருந்தது. தாயின் செத்தவீட்டில் சாப்பிடாமல் போனவர், இங்கே இரண்டு துண்டு கரட் கேக் சாப்பிட்டிருந்தார்.